சக்கரப் பை இழுத்து வரும் பாட்டிமார்



தொலைக்காட்சியில் இத்தாலியச் சந்தையைக் காட்டுவது மிகச் சுலபமான வேலை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் அழகாக இருக்கும். மலைபோல் குவித்த தக்காளி, இலையோடு பறித்து வந்த எலுமிச்சை, பனிக்கட்டி மேல் பளபளக்கும் மத்தி மீன், கையை ஆட்டி ஆட்டிப் பேசும் கடைக்காரர். பின்னணியில் கொஞ்சம் அக்கார்டியன் இசையைச் சேர்த்துவிட்டால் நிகழ்ச்சி தயார். பார்ப்பவர்களும் அடுத்த விடுமுறை ரோமுக்கா, வெனிசுக்கா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் ஒன்று அநேகமாக விடுபட்டுப் போகும். வாங்குகிறவர் யார்? அந்தத் தக்காளி எந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தால், சில சந்தைகள் வெளியே ஜேஜே என்று இருந்தாலும் உள்ளே இளைத்துக்கொண்டிருப்பது தெரியும். வேறு சில சந்தைகள் அழுக்கும் கூச்சலுமாக இருந்தாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதும் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சக்கரப் பைகளை எண்ணுங்கள். இத்தாலியில் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும் வயதானவர்கள், கைப்பிடியும் இரண்டு சக்கரமும் வைத்த உயரமான துணிப் பையை இழுத்துக்கொண்டு வருவார்கள். காலை எட்டு மணிக்கு அந்தச் சக்கரங்கள் கல் பாவிய தரையில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் அது உயிருள்ள சந்தை. கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பவர்கள் மட்டுமே நிற்கிறார்கள் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

முதலில் ஒரு காய்கறிக் கடையின் முன்னால் போய் நில்லுங்கள். போனதும் பழத்தை எடுத்து அழுத்திப் பார்க்கக் கூடாது. மாம்பழத்தை முகர்ந்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். அங்கே பொருளைத் தொடுவது கடைக்காரரின் வேலை. கேட்பது வாங்குகிறவரின் வேலை. முதலில் 'பொன்ஜோர்னோ' என்று ஒரு காலை வணக்கம். பிறகு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொரு பாட்டிக்கும் துல்லியமாகத் தெரியும். முந்தப் பார்த்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும்.

பீச் பழம் கேட்டால் கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? பதிலுக்கு ஏற்றபடி அவரே பொறுக்கித் தருவார். முலாம்பழம் என்றால் மதியத்துக்கா, இரவுக்கா என்றுகூடக் கேட்பவர் உண்டு. சந்தை வியாபாரம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. இன்றைக்கு என்று கேட்டவருக்குப் பழுக்காத பழத்தைப் போட்டுக் கொடுத்தால், அந்த அம்மாள் நாளைக் காலையில் வந்து எல்லார் முன்னிலையிலும் சொல்லிக்காட்டுவார். கடைக்காரருக்கு அந்தப் பயம் இருக்கிறதே, அதுதான் தரக் கட்டுப்பாடு. மாலையில் விமானமோ ரயிலோ ஏறிவிடப் போகும் சுற்றுப்பயணியிடம் விற்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை.

கொசுறும் உண்டு. நம்மவர்களுக்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லி எப்படியோ, இத்தாலியர்களுக்கு 'ஓதோரி'. அந்தச் சொல்லுக்கு வாசனைகள் என்று பொருள். ஒரு தண்டு செலரி, ஒரு கேரட், கொஞ்சம் பார்ஸ்லி, நாலு இலை துளசி. ஆமாம், அவர்கள் சமையலில் போடும் பேசில், நம் துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். குழம்புக்கும் சூப்புக்கும் அடிப்படையான இந்தக் கட்டுக்குப் பல கடைகளில் வாடிக்கையாளரிடம் காசு வாங்குவதில்லை. காய் நிறுத்து முடிந்ததும் 'ஓதோரி வேண்டுமா?' என்று கேட்டுப் பையின் மேலே செருகிவிடுவார்கள். வாடிக்கையாளர் என்பதற்கு அத்தாட்சியே அதுதான்.

இன்னொரு காட்சியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆர்ட்டிச்சோக் என்ற காய், முள் வைத்த தாமரை மொட்டுபோல் இருக்கும். அதைச் சுத்தம் செய்வது பெரிய தொல்லை. கடைக்காரர் சின்னக் கத்தியால் சுற்றிச் சுற்றி இதழ்களைச் சீவி, கறுத்துப் போகாமல் இருக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே பேசுவார். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. ரோமில் குளிர்காலத்தில் பூந்தாரெல்லே என்று ஒரு கீரைத்தண்டு வரும். காப்பியில் கலக்கும் சிக்கரி இருக்கிறதல்லவா, அதே குடும்பம். அதைக் கம்பி வலை வைத்த சட்டத்தில் அழுத்தி நீளநீளமாகக் கீறி, குளிர்ந்த நீரில் போடுவார்கள். சிறிது நேரத்தில் சுருள்சுருளாகச் சுருண்டுகொள்ளும். பூண்டும் நெத்திலியும் எண்ணெயும் சேர்த்துப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். குளிர் போனதும் பூந்தாரெல்லே காணாமல் போய்விடும். ஏப்ரலில் போய்க் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்குள் பட்டாணியும் பெரிய அவரையும் வந்திருக்கும். பிறகு செர்ரி, பிறகு சீமைப் பூசணிப் பூ, ஆகஸ்டில் அத்தி. எப்போதும் கோடைக்காலமாகவே இருக்கும் நாட்டில் வாழ்பவர்களுக்கு இந்த ஏக்கம் கொஞ்சம் புதிது. துரியான் பருவத்தை எண்ணிப் பார்த்தால் ஓரளவு புரியும்.

விலைப் பலகையைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்கறிக்குக் கிலோ விலை எழுதியிருப்பார்கள். பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றுக்குப் பல இடங்களில் 'எத்தோ' விலை. ஓர் எத்தோ என்பது 100 கிராம். 4 யூரோதானே என்று ஒரு பெரிய துண்டை வெட்டச் சொல்லிவிட்டுப் பணம் கட்டும்போது திகைப்பவர்கள் உண்டு. மீன் கடையில் சீட்டை நன்றாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மீனின் பெயரோடு அதன் அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்ந்ததா, எந்தக் கடல் பகுதி, முன்பு உறைய வைத்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பகுதி எண் 37 என்றால் மத்தியத் தரைக்கடலும் கருங்கடலும். பழம், காய்கறி என்றால் விளைந்த நாட்டின் பெயர் கட்டாயம்.

சீட்டில் வராத விவரமும் உண்டு. யார் பறித்தது என்பதை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. ரோமுக்குத் தெற்கே லத்தினா வட்டாரத்தில் உள்ள காய்கறிப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், வேலை செய்கிறார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்துக் கூலியில் கைவைக்கும் இடைத்தரகரை அங்கே 'கப்போராலே' என்கிறார்கள். நம் தாத்தா காலத்துத் தோட்டப்புறச் சொல்லில் சொன்னால் கங்காணி. அந்த முறையை ஒடுக்க 2016இல் இத்தாலி கடுமையான சட்டம் கொண்டுவந்தது. இருந்தும் 2024 ஜூனில் அதே லத்தினாவில் ஓர் இந்தியத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவரை அவர் குடியிருந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். நாடே அதிர்ந்தது, ஊர்வலங்கள் நடந்தன, வழக்கும் நடந்தது. பளபளக்கும் தக்காளியின் பக்கத்தில் இதையும் சொல்லாமல் போவது நியாயமில்லை.

வெனிசுக்குப் போகலாம். ரியால்டோ பாலத்தை ஒட்டிக் கிராண்ட் கால்வாயின் கரையில் 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சந்தை நடந்துவருகிறது. மீன் சந்தை இருக்கும் தூண் மண்டபம் அவ்வளவு பழையது அல்ல. 1907இல் பழைய பாணியில் கட்டினார்கள். அங்கே சுவரில் ஒரு சலவைக்கல் பலகை பதித்திருக்கிறது. விற்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மீன்களின் ஆகக் குறைந்த நீளம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. விலாங்கு என்றால் 25 சென்டிமீட்டர், மத்திக்கு 7, சிப்பிக்கு 5. குஞ்சு மீனைப் பிடித்தால் நாளைக்குக் கடலில் என்ன இருக்கும் என்று அந்தக் காலத்து நிர்வாகம் யோசித்துக் கல்லில் எழுதி வைத்தது. ஞாயிறும் திங்களும் மீன் சந்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை படகு கடலுக்குப் போகாது, ஆகவே திங்களன்று விற்க மீன் இருக்காது. இது தெரியாமல் திங்கட்கிழமை போய் வெறும் கல் மேசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுப்பயணிகள் ஏராளம்.

மீனுக்கு நீளம் குறித்து வைத்த நகரம் மனிதர்களை விட்டுவிட்டது. வெனிசின் பழைய தீவு நகரில் 1951இல் சுமார் 175,000 பேர் குடியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. வாடகை ஏற ஏற, வீடுகள் பயணிகளுக்கான விடுதிகளாக மாற மாற, குடும்பங்கள் நிலப்பகுதிக்குப் போய்விட்டன. வந்து போகிறவர்களோ அதிகம். 2024 ஏப்ரல் 25ஆம் தேதியிலிருந்து, நெரிசல் மிகுந்த நாள்களில் பகல் பொழுதுக்கு மட்டும் வந்து போகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கும் அளவுக்கு அதிகம். கட்டணம் கொடுத்து வந்தவர் மீன் வாங்குவாரா? ஹோட்டல் அறையில் அடுப்பு ஏது? அவர் படம் எடுக்கிறார், போய்விடுகிறார். அவர்மீது குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் சக்கரப் பையோடு நிற்கும் அம்மாள் கடையை நெருங்க முடியாமல் தவிக்கிறார். மீன் மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. பக்கத்தில் குடித்தனம் இல்லாத சந்தைக்கு எத்தனை அழகான மண்டபம் இருந்தும் என்ன பயன்?

வெனிசை விடுமுன் ஒரு நண்டுக் கதை. 2023 கோடையில் அட்ரியாட்டிக் கரையோரம் நீல நண்டு பெருகிப்போனது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலிருந்து கப்பல்களோடு வந்து சேர்ந்த இனம் என்கிறார்கள். போ ஆற்றின் கழிமுகத்தில் மட்டி வளர்ப்பவர்களின் பாத்திகளுக்குள் புகுந்து குஞ்சு மட்டிகளை எல்லாம் தின்று தீர்த்தது. ஐரோப்பாவிலேயே ஆக அதிகமாக மட்டி வளர்க்கும் நாடு இத்தாலி. ஸ்பகெட்டியோடு சேரும் 'வொங்கோலே' அதுதான். அரசாங்கம் அந்த ஆகஸ்டில் 2.9 மில்லியன் யூரோ ஒதுக்கி நண்டைப் பிடிக்கச் சொன்னது. பிடித்த நண்டு சந்தைக்கு வந்தது. அழிக்க முடியாவிட்டால் சாப்பிட்டுவிடலாம் என்று சமையல்காரர்களும் கிளம்பினார்கள். இதில் ஒரு வேடிக்கை. அந்த நண்டு தின்ற மட்டியும் இத்தாலியின் சொந்தப் பிள்ளை அல்ல. ஆசியக் கடலைச் சேர்ந்த அந்த மட்டியை 1983இல்தான் வெனிஸ் காயலில் விட்டார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே பிலிப்பைன்ஸ் இருக்கிறது. நாற்பது ஆண்டில் அது வெனிஸ்காரர்களின் பாரம்பரிய உணவாகிவிட்டது. நீல நண்டுக்கும் அந்த யோகம் வாய்க்குமோ என்னவோ.

ரோமில் கம்போ தே ஃபியோரி சந்தையை எல்லாப் பயணக் கையேடுகளும் சிபாரிசு செய்யும். 1869இல் நவோனா சதுக்கத்திலிருந்து அங்கே இடம் மாறிய சந்தை. நடுவில் ஜோர்தானோ புரூனோவின் சிலை. 1600இல் அதே இடத்தில் அவரை உயிரோடு எரித்தார்கள். 1889இல் சிலை வைத்தார்கள். 1943இல் அந்தச் சந்தையின் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. அன்னா மக்னானி அதில் பழக்காரியாக நடித்தார். இன்றைக்கு அந்தப் பழக்காரி வந்து பார்த்தால் என்ன சொல்வாரோ. வானவில் நிறத்தில் பாஸ்தா, ஊதா மூடி போட்ட மசாலாப் பொட்டலம், எலுமிச்சை மதுப் புட்டி, சமையல் கவசத் துணி. காய்கறி விற்கும் கடைகள் சில இன்னும் இருக்கின்றன, ஆனால் தேட வேண்டும். ரோம் நகரத்தார் வாங்குமிடம் வேறு. தெஸ்தாச்சியோ சந்தை 2012இல் புதுக் கட்டடத்துக்கு மாறியும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களை விட்டுவிடவில்லை. தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ சந்தை இருக்கிறது. விட்டோரியோ சதுக்கத்தில் திறந்தவெளியில் நடந்த கடைகள் 2001இல் ஒரு முன்னாள் படைமுகாம் கட்டடத்துக்குள் போயின. வங்காளதேசக் கடைக்காரர்கள் பலர். பாகற்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லிக் கட்டு எல்லாம் கிடைக்கும். ரோமில் ஒரு வாரம் பாஸ்தா சாப்பிட்டு நாக்கு செத்துப்போனவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஃபுளோரன்சில் 1874இல் திறந்த இரும்பும் கண்ணாடியுமான பெரிய சந்தைக் கூடம் இருக்கிறது. மிலான் நகரின் புகழ்பெற்ற கண்ணாடிக் கூரைக் கடைவீதியை வடிவமைத்த ஜுசெப்பே மெங்கோனியின் வேலை. 2014இல் அதன் மேல்மாடியை உணவங்காடிகளாக மாற்றினார்கள். இரவு வரை கூட்டம். கட்டடம் பிழைத்துக்கொண்டது, அதில் சந்தேகமில்லை. கீழ்த்தளத்தில் காய்கறியின் இடத்தை உலர் காளானும் டிரஃபிள் எண்ணெய்ப் புட்டியும் பிடித்துக்கொண்டு வருகின்றன. சமைக்கிறவர்கள் சந்த் அம்புரோஜோ சந்தைக்கு நடந்து போகிறார்கள்.

இனி சிசிலித் தீவின் பலெர்மோ. சந்தை சாவதையும் வாழ்வதையும் ஒரே ஊரில், பத்து நிமிட நடையில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது வுச்சிரியா. ஒரு காலத்தில் பலெர்மோவின் பெருமை. ரெனாத்தோ குத்தூசோ என்ற ஓவியர் 1974இல் அந்தச் சந்தையை ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமும் அகலமும் உள்ள ஓவியமாகத் தீட்டினார். வாள்மீன் தலை, தொங்கும் இறைச்சி, முட்டை, பழம், நெருக்கியடித்து நடக்கும் மக்கள் என்று கான்வாஸ் முழுக்கச் சாமான்; மூச்சுவிட இடம் இருக்காது. இப்போது அது நகரப் பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகையில் இருக்கிறது. பலெர்மோ மக்களிடம் ஒரு பழைய வழக்குண்டு. நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்ல, 'வுச்சிரியாவின் தரைக்கல் காய்கிற அன்றைக்கு' என்பார்கள். மீன்காரர்கள் ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்ததால் அந்தக் கல் எந்நாளும் ஈரமாகவே இருக்கும். நம் பக்கம் காக்கை வெள்ளையாகும்போது என்று சொல்வதைப் போல.

அந்தக் கல் காய்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்து வீடுகள் போரில் குண்டு விழுந்தும், பிறகு கவனிப்பார் இல்லாமலும் பாழாகி, குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. வாங்க ஆள் இல்லை. பகலில் ஒருசில கடைகள்தாம். இரவானால் பொரித்த பண்டமும் பியரும் இசையுமாக இளைஞர் கூட்டம் நிரம்பும். அதுவும் ஒரு வகைக் கலகலப்பு. ஓவியத்தில் இருந்த வுச்சிரியாவை ஓவியத்தில்தான் பார்க்கலாம்.

பல்லரோ சந்தையின் தரை மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. குறுகிய சந்துகள், மேலே சிவப்பு, நீலத் தார்ப்பாய், பட்டப்பகலிலும் எரியும் மின்விளக்குகள். 'அப்பன்னியாத்தா' என்று சொல்லும் கூவல் அங்கே கேட்கும். கடைக்காரர் பாட்டும் ஓலமும் கலந்த மாதிரி இழுத்து இழுத்துத் தன் சரக்கைப் புகழ்வார். பக்கத்துக் கடைக்காரர் அதைவிட உரக்க எடுப்பார். கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டி எண்ணெயில் பொரித்த பனெல்லே என்ற பலகாரம் சுடச்சுட வரும். பஜ்ஜி, வடையில் வளர்ந்தவர்களுக்கு முதல் கடியிலேயே சொந்தம் கொண்டாடத் தோன்றும்.

ஜூலை, ஆகஸ்டில் போனால் ஒரு பெரிய ஆச்சரியம் காத்திருக்கும். ஆள் உயரத்துக்கு நெருங்கும் நீளத்தில் வெளிர்பச்சைக் காய் ஒன்றை அடுக்கி வைத்திருப்பார்கள். சிசிலிக்காரர்கள் 'குக்குத்சா' என்பார்கள். உற்றுப் பார்த்தால் நம் சுரைக்காய்! அறிவியல் பெயரும் அதேதான், வடிவம் மட்டும் ஒட்டகச் சிவிங்கிபோல் நீண்டுவிட்டது. காயைவிடப் பெரிய கிராக்கி அதன் கொடிக்கு. இளந்தளிரையும் இலையையும் கட்டுக்கட்டாக 'தெனெரூமி' என்று விற்கிறார்கள். தக்காளி சேர்த்து, ஸ்பகெட்டியை ஒடித்துப் போட்டு, கொளுத்தும் வெயில் காலத்துக்கான சூப்பு வைப்பார்கள்.

அதே சுரைக்காயைத் தேங்காய்ப்பாலில் கறி வைக்கிறவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் பலெர்மோவில் வந்து தங்கினார்கள். வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று தொடங்கி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். பலெர்மோவின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரினோ மலையில் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறும் தமிழர்களில் கிறிஸ்துவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. 1624இல் கொள்ளை நோயிலிருந்து நகரத்தைக் காத்த அம்மாள் என்று பலெர்மோக்காரர்கள் வணங்குகிறார்கள். தமிழர்களுக்கு மலையில் இருக்கும் அம்மன் புதிதா என்ன? பல்லரோவைச் சுற்றியுள்ள பழைய, வாடகை குறைந்த தெருக்களில் தமிழர், வங்காளதேசத்தார், கானாக்காரர் எல்லாரும் குடியிருக்கிறார்கள். மாலையில் வேலை விட்டு வரும் வழியில் மீனும் கத்தரிக்காயும் வாங்குகிறார்கள். வுச்சிரியாவுக்குக் கிடைக்காமல் போனது இந்த வாடிக்கையாளர்கள்தாம். குடியேறிகள் வந்து சந்தையின் அடையாளத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று முகம் சுளிப்பவர்களும் இத்தாலியில் இருக்கிறார்கள். பல்லரோவின் தார்ப்பாய்க்கு அடியில் அரை மணி நேரம் நின்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

சிசிலியின் வயல்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. இப்போது அங்கே மாம்பழமும் அவகாடோவும் விளைகின்றன. கோடைக் கடைசியில் சிசிலி மாம்பழம் என்று எழுதி வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024இல் அதே தீவில் கடும் வறட்சி வந்து அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆரஞ்சுத் தோப்புகள் காய்ந்தன, ஆடுமாடுகளுக்குத் தீவனம் இல்லை.

இத்தனைக்கும் நடுவே 2025 டிசம்பரில் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. நாடெங்கும் கொண்டாட்டம். ஒரு பாத்திரத்தின் பெயரோ பண்டத்தின் பெயரோ அல்ல, வீட்டுச் சமையல் என்ற வழக்கமே பட்டியலில் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். பட்டியலில் ஏறியதைப் பார்க்க இன்னும் அதிகம் பேர் விமானம் ஏறி வருவார்கள் என்பதும் உண்மைதான். அவர்களில் ஒருவராகப் போகிற நேயர்கள் சும்மா பார்த்துவிட்டு வராமல் ஏதாவது வாங்குங்கள். காலை எட்டு மணிக்குப் போங்கள். பத்தரைக்குப் போனால் கூட்டத்தில் ஒரு தலைதான். சமையலறை இல்லாவிட்டால் இரண்டு பீச், ஒரு கைப்பிடி செர்ரி, கொஞ்சம் ஆலிவ். இன்றைக்குச் சாப்பிட என்று மறக்காமல் சொல்லுங்கள். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும், அதில் கழுவிக்கொள்ளலாம். படம் எடுக்க ஆசையென்றால் வாங்கி முடித்த பிறகு கேட்டுவிட்டு எடுங்கள். முறைப்பவர்கூடச் சிரித்தபடி நிற்பார்.

கடைசியாக வடக்கே டுரின். ஐரோப்பாவின் ஆகப் பெரிய திறந்தவெளிச் சந்தை என்று ஊர்க்காரர்கள் சொந்தம் கொண்டாடும் போர்த்தா பலாத்சோ அங்கே இருக்கிறது. எண்கோணச் சதுக்கம் முழுக்கக் கடைகள். 1950களிலும் 60களிலும் ஃபியட் கார் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கு இத்தாலியிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கியவர்கள் தங்கள் ஊர்க் கத்தரியையும் மிளகாயையும் இந்தச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது டுரின்காரர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். வீடு வாடகைக்குக் கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. பிறகு மொரோக்கோக்காரர்கள் புதினாக் கட்டோடு வந்தார்கள், சீனர்கள் வந்தார்கள், நைஜீரியர்கள் வந்தார்கள். அன்றைக்கு வந்தேறி என்று ஏச்சு வாங்கிய தெற்கத்திக் கடைக்காரரின் பேரன், இன்றைக்குப் பக்கத்துக் கடை மொரோக்கோக்காரரோடு சில்லறை மாற்றிக்கொள்கிறார். ஒரு பக்கம் தனிக் கூரையின்கீழ் சுற்றுவட்டார விவசாயிகள் தாங்களே விளைவித்ததை மட்டும் விற்கிறார்கள். கடை சின்னது, காயின் மேல் மண் ஒட்டியிருக்கும், அந்த வாரம் பறித்தது எதுவோ அதுதான் கிடைக்கும்.

வார நாள்களில் மதியம் தாண்டினால் கடை கட்டத் தொடங்கிவிடுவார்கள். கூவல் ஒரேயடியாக உச்சத்துக்குப் போகும் நேரம் அது. ஒரு கிலோ விலைக்கு இரண்டு கிலோ, ஒரு பெட்டி முழுக்க ஒரு யூரோ. காலையில் எட்டிப் பார்க்காதவர்கள் இப்போதுதான் வருவார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவது முன்பெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும். 2016 முதல் தொண்டூழியர்கள் கடை கடையாகப் போய் அதைச் சேகரிக்கிறார்கள். அவர்களில் புகலிடம் கேட்டு வந்த ஆப்பிரிக்க இளைஞர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் அடிபட்ட ஆப்பிள், நுனி வாடிய கீரை, அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழம். பொறுக்கிப் பிரித்து, சதுக்கத்தின் ஓரத்தில் மேசை போட்டு வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பெயர் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை.

அந்த வரிசையில் நிற்பவர்களில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் இத்தாலியப் பாட்டிமாரும் உண்டு. தலை வாரி, மேல்கோட்டு போட்டு, ஒழுங்காக உடுத்தித்தான் வந்திருப்பார்கள். மாலியிலிருந்தோ செனகலிலிருந்தோ வந்த இளைஞர் ஒருவர் தக்காளியை எடுத்து நீட்டும்போது, இவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, இது வேண்டாம் தம்பி, அந்தப் பக்கம் இருப்பதைக் கொடு என்று கை காட்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார். பிறகு சக்கரப் பை கடகடவென்று உருண்டு போகும்.